திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பும் குடும்பத்தார் கடமையும்

(திருப்பூரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், அங்கத்தினராகிய வைத்தியர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்று மாலை உங்கள் முன்னிலையில் சில வார்த்தைகள் பேசும்படி நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டபோது, வழக்கம்போல் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் அவ்விஷயங்களை நீங்கள் முன்னரே பலமுறை கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷ காலமாக இக்கொங்கு நாட்டில் வைத்தியத் தொழில் புரிந்து வரும் எனக்கு, நம்மவர் குடும்பங்களில் திரும்பத் திரும்ப நேரும் ஒரு பிழை மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றது. அப்பிழை அறியாமையால் நேர்வதேயன்றி அன்பின்மையால் நேர்வதன்று. எனினும் அதனால் உயிர் போகின்றது. ஆதலின் இன்று அதனைப் பற்றியே பேசத் துணிந்தேன்.

அஃது யாதெனில், தீவிர சிகிச்சை வார்டில் கிடக்கும் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிட்டன, டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்று வைத்தியர் சொல்லுங்கால், வீட்டுப் பெரியோர் "அது வேண்டாம்" என்று மறுத்து, நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதேயாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். நம் உறவினருள் ஒருவர், நாற்பத்திரண்டு வயதினர், இவ்வூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தகரக் கொட்டகையின் கீழ் நாள் முழுதும் நின்று வேலை செய்பவர். இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாயிருந்தது. ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்பவேண்டிய வாரமாதலால் லீவு போட மனமின்றி, மேல்வலிக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரைகளை வாங்கி விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. முந்தின நாள் மத்தியானம் முதல் சிறுநீர் கழிக்கவே இல்லையென்று அப்பொழுதுதான் வீட்டாருக்கு நினைவு வந்தது. அன்றிரவே டயாலிசிஸ் செய்யவேண்டும், சம்மதக் கையொப்பம் இடுங்கள் என்று வைத்தியர் கேட்டார்.

அவருடைய மனைவி எனக்குப் போன் செய்து, "சித்தப்பா, எங்க அப்பா வேண்டாம்ங்கிறாருங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழுதாள். நான் போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொரு மணி. மாமனார் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கல்நெஞ்சர் அல்லர். அவர் சொன்னது இது: "எங்க ஊர்ல ஒருத்தர் நாலு வருஷம் வாரத்துக்கு மூணு தடவை அந்த மெஷினுக்குப் போனாருங்க. இருந்த காடும் போச்சு, ஆளும் போயிட்டாருங்க. ஒரு தடவை அதுல ஏத்திட்டா அப்புறம் இறக்கவே முடியாதுங்க. எம் பொண்ணுக்கு அந்தக் கதி வேண்டாம்."

அவர் கூறியதில் பொய் ஒன்றும் இல்லை. தம் கண்ணால் கண்டதையே சொன்னார். ஆனால் இருவேறு நோய்களை அவர் ஒன்றென எண்ணிவிட்டார். இப்பிழை அவர் ஒருவருடையதன்று. நம்முள் பெரும்பாலாருடையதும் அதுவே. அந்த இரவு என்ன முடிவாயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அதற்குமுன் அவ்விரு நோய்களுக்கும் உள்ள வேற்றுமையை நீங்கள் தெளிவாக அறியவேண்டும்.

நமது முதுகின் இருபுறமும், விலாவெலும்புகளின் அடியில், கைம்முட்டியளவாகச் சிறுநீரகங்கள் இரண்டு உள்ளன. நிமிஷந்தோறும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் இவற்றினூடே பாய்கின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவு நீர் இவற்றின் வழியே வடிக்கப்பெற்று, அதில் சரீரத்துக்கு வேண்டியதெல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டு, கழிவான ஒன்றரை லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகின்றது. உப்பு, பொட்டாசியம், அமிலம், நீர் ஆகிய இவற்றின் அளவை வேளைக்கு வேளை சரிபார்ப்பதும் இவற்றின் வேலையே.

திருப்பூர்க்காரர்களாகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்வது அரிதன்று. சாயப்பட்டறைக் கழிவுநீரால் நொய்யல் ஆறு என்ன கதியடைந்தது என்பதையும், ஒரத்துப்பாளையம் அணையில் அந்நீர் தேங்கிக் கீழ்ப்புறத்துப் பயிர்பச்சைகள் பட்ட பாட்டையும் நாம் கண்டவர்கள். 2011ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி உத்தரவிட்டபோது, இவ்வூர்த் தொழில் முழுவதுமே தத்தளித்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்க வழியில்லையானால் பட்டறை ஓடக்கூடாது என்பது அன்று நாம் கற்ற பாடம். சரீரத்திலும் அவ்வாறே. ஆனால் பட்டறையை ஆறு மாதம் மூடிவைக்கலாம். சரீரத்தை ஒரு நாளும் மூடிவைக்க இயலாது. சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி நின்றால், அதனைப் பழுதுபார்க்கும் வரையில் கழிவுநீரை வேறிடத்தில் சுத்தம் செய்துகொள்ளத்தான் வேண்டும். அப்படி வெளியே சுத்தம் செய்துகொள்வதே டயாலிசிஸ்.

இனி அவ்விரு நோய்களைப் பார்ப்போம். நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய காரணங்களால் பல வருஷங்களாகச் சிறுநீரகம் சிறிது சிறிதாகச் சுருங்கித் தழும்பேறி அழிவது ஒன்று. இது நாட்பட்ட சிறுநீரக நோய். அழிந்த பகுதி மீள்வதில்லை. அதன் கடைசிக் கட்டத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸோ, மாற்றுச் சிறுநீரகமோ ஆயுள் முழுதும் தேவைப்படும். அம்மாமனார் கண்டது இதுவே.

மற்றொன்று, நேற்றுவரை நன்றாக இருந்த சிறுநீரகம், மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் செயலிழந்து போவது. இரத்த அழுத்தம் இறங்கி இரத்த ஓட்டம் குன்றினாலோ, கிருமிகளின் விஷம் இரத்தத்தில் பரவினாலோ, பாம்பின் விஷமோ சில மருந்துகளோ தாக்கினாலோ, சிறுநீரகத்துள் உள்ள நுண்குழாய்களின் உட்பூச்சான உயிரணுக்கள் மயங்கியும் மடிந்தும் உதிர்கின்றன. ஆனால் அடித்தளம் பெரும்பாலும் அழிவதில்லை. காரணம் நீங்கி இரத்த ஓட்டம் சீரானால், எஞ்சிய உயிரணுக்கள் பெருகி அவ்விடத்தை மீண்டும் போர்த்துகின்றன. இதற்குச் சாதாரணமாக ஒன்று முதல் மூன்று வாரம் வரையில் ஆகும். சிலருக்கு அதனினும் அதிகமாகும். அவ்விடைக்காலத்தில் நோயாளியை உயிருடன் வைத்திருக்க வேண்டுமே, அதற்குத்தான் டயாலிசிஸ். சிறுநீரகத்தை அது குணப்படுத்துவதன்று; குணமாகும் வரையில் நமக்குக் காலத்தைச் சம்பாதித்துக் கொடுப்பது.

நிற்க. இந்த யந்திரத்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தால் இவ்வுண்மை இன்னும் நன்கு விளங்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் வசப்பட்டிருந்த ஹாலந்து தேசத்தில், காம்பன் என்னும் சிறு நகரத்து ஆஸ்பத்திரியில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் வைத்தியர் 1943ஆம் வருஷத்தில் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பயன்படுத்தினார். இறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் உறைக்குழாயை நீளமாக ஓர் உருளையின்மேல் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் அவ்வுருளை சுழலும்படி செய்து, குழாயினுள்ளே இரத்தத்தை ஓடவிட்டார். பாவு சுற்றும் உருளையைக் கண்ட நம் நெசவாளருக்கு அதன் உருவம் எளிதில் மனத்தில் தோன்றும். முதல் இரண்டு வருஷங்களில் அவர் சிகிச்சை செய்தவர்களுள் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். அவர் மனந்தளரவில்லை. 1945 செப்டம்பரில், திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பினால் நினைவிழந்து கிடந்த 67 வயதுள்ள ஒரு மூதாட்டி, யந்திரத்தில் சில மணி நேரம் இருந்தபின் கண் விழித்துப் பேசினார். அவருடைய சொந்தச் சிறுநீரகங்கள் பின்னர்த் தாமே வேலை செய்யத் தொடங்கின. அதன்பின் அவர் பல வருஷங்கள் வாழ்ந்தார்.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. செயற்கைச் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்த முதல் மனிதருக்கு அது தற்காலிகமாகவே தேவைப்பட்டது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியா யுத்தத்திலும் காயமுற்ற போர்வீரர்களின் திடீர்ச் செயலிழப்புக்கே இவ்யந்திரம் பயன்பட்டது. நாட்பட்ட நோயாளிகளுக்கு வாரந்தோறும் டயாலிசிஸ் செய்வது, அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவர் 1960ஆம் வருஷத்தில் இரத்தக் குழாயில் நிலையாகப் பொருத்தி வைக்கும் டெஃப்லான் குழாயை அமைத்த பிறகே சாத்தியமாயிற்று. ஆகவே இந்த யந்திரம் பிறந்ததே திடீர் நோய்க்காக. ஆயுட்கால உபயோகம் பின்னால் வந்தது. பின்னால் வந்ததையே நாம் அக்கம்பக்கத்தில் அதிகமாகக் காண்பதால், முன்னதை மறந்துவிட்டோம்.

இப்பொழுதுள்ள யந்திரத்தில் உருளையும் தொட்டியும் இல்லை. ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள பிளாஸ்டிக் குழலினுள், நூலிழை போன்ற உள்ளீடற்ற நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இழைகளின் உள்ளே இரத்தமும், வெளியே எதிர்த்திசையில் சுத்தமான கரைசலும் ஓடுகின்றன. இழையின் சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே கழிவுகள் கரைசலில் கலந்து போகின்றன. சாதாரணமாக நான்கு மணி நேரச் சிகிச்சைக்கு 120 லிட்டர் அளவு கரைசல் செலவாகும். இரத்த அழுத்தம் நிலைகொள்ளாத தீவிர சிகிச்சை நோயாளிக்கு அதே வேலையை மெதுவாக எட்டு, பத்து மணி நேரமோ, இரவு பகல் இடைவிடாமலோ செய்வதுண்டு. இரத்தத்தை எடுக்கவும் திரும்பச் செலுத்தவும் கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய நாளத்தில் ஒரு குழாய் வைக்கப்படும். அதைக் கண்டு, "கழுத்தை அறுத்துவிட்டார்கள்" என்று அலறும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஊசியால் வைக்கப்படும் குழாயே. தேவை நீங்கியபின் எடுத்துவிடப்படும். ஆயினும் இச்சிகிச்சையில் அபாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். இரத்த அழுத்தம் இறங்குதல், குழாய் வழியே கிருமி புகுதல், இரத்தக் கசிவு ஆகியவை நேரக்கூடும்.

"எப்பொழுது தொடங்குவது?" என்ற கேள்வியும் குடும்பங்களில் சச்சரவை உண்டாக்குகின்றது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயம் நின்றுவிடும் நிலை, மருந்துக்கு அடங்காத அமில மிகுதி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுதல், கழிவு தேங்கி அறிவு மயங்குதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினால் தாமதிக்கலாகாது. இவை தோன்றாதபோது சற்றுப் பொறுத்துப் பார்ப்பது குற்றமன்று. 2020ஆம் வருஷத்தில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், 15 தேசங்களில் ஏறக்குறைய 3,000 தீவிர சிகிச்சை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனேயும், மற்றப் பிரிவினருக்குத் தேவை தெளிவான பின்னும் டயாலிசிஸ் செய்தார்கள். 90 நாட்களில் இறந்தவர் தொகை இரு பிரிவிலும் ஒன்றே: 100க்கு 44 பேர். காத்திருந்த பிரிவில் 100க்கு 38 பேருக்கு டயாலிசிஸ் செய்ய நேரவேயில்லை. ஆதலால், "ஏன் இன்னும் மெஷினில் போடவில்லை?" என்று வைத்தியரிடம் சண்டையிடுவதும் சரியன்று, வேண்டும் என்று அவர் சொன்னபின் "நாளைக்குப் பார்ப்போம்" என்று நாம் நாள் கடத்துவதும் சரியன்று.

அதே ஆராய்ச்சியிலிருந்து இன்னொரு கணக்கையும் நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். உடனே தொடங்கிய பிரிவில் ஏறத்தாழ எல்லோருக்குமே டயாலிசிஸ் செய்யப்பட்டது. அவர்களுள் பிழைத்தவர்களில், 90ஆம் நாளன்றும் டயாலிசிஸ் தேவைப்பட்டவர் 100க்கு 10 பேரே. மற்றத் தொண்ணூறு பேரும் யந்திரத்தை விட்டு இறங்கிவிட்டார்கள். "ஒருமுறை ஏற்றினால் இறக்க முடியாது" என்ற வார்த்தைக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி எனக்குத் தெரியாது.

ஆனால் 100க்கு 44 பேர் இறந்தனர் என்பதையும் நான் மறைக்கலாகாது. தீவிர சிகிச்சையில் டயாலிசிஸ் தேவைப்படும் நிலை மிகக் கொடிய நிலை. பெரும்பாலும் அவர்கள் இறப்பது சிறுநீரகம் ஒன்றினால் அன்று; நுரையீரல், இருதயம், ஈரல் முதலிய பல உறுப்புகள் ஒருங்கே தளர்வதாலாம். என் தகப்பனாருக்கே அவ்வாறு நேர்ந்தது. எழுபத்தெட்டு வயது, இருபது வருஷ நீரிழிவு, நிமோனியாக் காய்ச்சலால் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். சிறுநீரகமும் நின்றது. நானே கையொப்பமிட்டேன். மூன்று முறை டயாலிசிஸ் ஆயிற்று. ஐந்தாம் நாள் இரத்த அழுத்தத்துக்கான மருந்துகள் உச்ச அளவுக்குப் போயும் பயனில்லை. இனி இது அவர் உயிரை நீட்டுவதன்று, அவர் வேதனையையே நீட்டுவது என்று எனக்குத் தெரிந்தபோது, தாயாரோடும் தம்பிமாரோடும் கலந்து, போதும் என்று நானே சொன்னேன். கையொப்பம் இட்டதற்காகவும் நான் வருந்தவில்லை. நிறுத்தச் சொன்னதற்காகவும் வருந்தவில்லை. இரண்டும் அந்தந்த வேளையில் சரியாகவே இருந்தன.

இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்வது: சம்மதம் என்பது மீளமுடியாத வாக்குறுதியன்று. மூன்று நாளைக்கோ ஐந்து நாளைக்கோ செய்து பார்த்து, நிலைமையைக் கண்டு மேலே முடிவு செய்வோம் என்று வைத்தியரிடம் பேசிக்கொள்ளலாம். அவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இவருக்கு வந்திருப்பது திடீர் நோயா, நாட்பட்ட நோயின்மேல் வந்ததா? எக்காரணத்தால் வந்தது, அக்காரணம் நீங்கக்கூடியதா? மற்ற உறுப்புகள் எவ்வாறு இருக்கின்றன? எத்தனை நாளில் மறுபடி கூடிப் பேசுவோம்? இந்நான்குக்கும் விடை பெற்றபின் எடுக்கும் முடிவு எதுவாயினும் அது அறிவோடு எடுத்த முடிவாகும். விடை பெறாமல், பக்கத்து ஊரில் கண்டதை வைத்து எடுக்கும் முடிவு அவ்வாறாகாது.

இனி, இந்நிலை வராமல் காக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, வாந்தியும் பேதியும் கண்டவுடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்து அடிக்கடி குடிக்கவேண்டும். சரீரத்தில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் முதலிய வலி மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் விழுங்கலாகாது. நீர் குறைந்த வேளையில் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் வழியை அவை இன்னும் சுருக்கிவிடுகின்றன.

இரண்டாவது, வெப்பம். இஸ்திரிப் பிரிவிலும், சாயப்பட்டறையிலும், காம்பாக்டிங் மெஷின் அருகிலும், தகரக் கூரையின் கீழும் வேலை செய்பவர்கள் வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும். இங்கே கம்பெனி முதலாளிகளாகிய சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கழிப்பிடம் சுத்தமாயில்லை என்பதற்காகவும், எழுந்து போனால் பீஸ் கணக்கு குறையும் என்பதற்காகவும் பல பெண்கள் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. இது எனக்கு அவர்களே சொன்னது. சுத்தமான கழிப்பிடமும், அதற்குப் போய்வர அனுமதியும், குடிநீரும் கொடுப்பது தர்மம் மாத்திரம் அன்று, வைத்தியமும் ஆகும்.

மூன்றாவது, பாம்புக்கடி. காங்கேயம், தாராபுரம், அவிநாசிப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் இது நேர்கின்றது. கண்ணாடி விரியனின் விஷம் சிறுநீரகத்தை நேரே தாக்கவல்லது. கட்டுக் கட்டுவதும், கீறுவதும், மந்திரிப்பவரிடம் ஓடுவதும் வீண். பொழுதைப் போக்குவதே அபாயம். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978ஆம் வருஷத்தில் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துக் கொடுத்து வருகின்றனர். அவ்விஷத்தைக் கொண்டே விஷமுறிவு மருந்து செய்யப்படுகின்றது. அம்மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024ஆம் வருஷத்தில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. 108 என்ற எண்ணுக்குப் போன் செய்வதே முதல் வேலை.

நான்காவது, மழைக்காலக் காய்ச்சல்கள். எலிக்காய்ச்சலும், ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் ஆரம்பத்தில் கண்டால் எளிய மருந்துகளுக்கு அடங்கும். நான்கைந்து நாள் விடாத காய்ச்சலை ஊசி போட்டுக்கொண்டே தள்ளிவைக்கலாகாது.

இவை எல்லாவற்றிற்கும் பொதுவான ஓர் அடையாளத்தைத் தாய்மார்கள் நினைவில் வையுங்கள். நோயுற்றவர் சிறுநீர் கழிக்கிறாரா என்று பாருங்கள். சரீர எடை 60 கிலோவானால், ஆறு மணி நேரத்தில் 180 மில்லி லிட்டர், அஃதாவது ஒரு டம்ளர் அளவு சிறுநீராவது வரவேண்டும். குறைந்தாலும், காப்பித் தண்ணீர் போல் நிறம் மாறினாலும், அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவது பிந்தியே தெரியும். சிறுநீர் குறைவது முந்தித் தெரியும். பரிசோதனைச் சாலைக்கு முன்னே வீட்டில் உள்ளவர் அறியக்கூடிய நோய் இது. பிழைத்து வந்தவர்களும் மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் பிற்காலத்தில் மெல்லத் தளரக்கூடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்ந்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளருக்கு அவ்வழியும் உண்டு. கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நமக்கு அண்மையில் இருக்கின்றது. 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் திருப்பூரிலேயே இருக்கின்றது. காப்பீட்டு அட்டையை நோய் வந்தபின் தேடாமல் இன்றே எடுத்து வையுங்கள். நமது சங்கமும் ஒன்று செய்யலாம். நடு இரவில் குடும்பத்தாருடன் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்று, வைத்தியர் சொல்வதை விளக்கவும், அட்டை வேலைகளைக் கவனிக்கவும் விவரமறிந்த இருவரை நியமித்து, அவர்கள் போன் எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைக்கச் செய்யலாம். பணத்தைவிட அந்த இரவில் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதே பெரிய உதவி. நம் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கையொப்பமிடவும் இங்கே ஒருவரும் இல்லை. அவர்கள் நம் குலத்தார் அல்லர். ஆயினும் நம் கூரையின்கீழ் உழைப்பவர்கள். அவ்விருவர் அவர்களுக்காகவும் போகவேண்டும் என்று இச்சபையை வேண்டிக்கொள்ளுகிறேன்.

இனி, அந்தச் சித்திரை மாதத்து இரவுக்கு வருகிறேன். இவ்வளவு விரிவாகச் சொல்ல அன்று நேரம் இல்லை. "மாமா, நீங்கள் கண்டது அழிந்துபோன சிறுநீரகம், இவருடையது மயங்கிக் கிடக்கும் சிறுநீரகம். விழிக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. விழிப்பதற்கு அவகாசம் கொடுக்கலாம், அவ்வளவே" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, "போட்டுக் குடு சாமி" என்றார். அவள் கையொப்பமிட்டாள்.

ஆறு முறை டயாலிசிஸ் ஆயிற்று. முதல் பத்து நாளும் சிறுநீர்ப் பையில் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் காலையில் நர்ஸ் அம்மாள் அப்பையைத் தூக்கிக் காட்டினாள். அதில் அரை டம்ளர் இருந்தது. அதனைக் கண்டு அம்மாமனார் அழுதார். நான்காம் வாரத்தில் அவர் வீடு திரும்பினார். மூன்றாம் மாதப் பரிசோதனையில் குறையொன்றும் காணவில்லை. அதே கம்பெனியில், அதே கட்டிங் டேபிளில் இன்றும் நிற்கிறார். பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் வைத்திருக்கிறார்.

அன்று அவரை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால், "விதி முடிந்தது" என்று நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். ஒருவரும் ஒருவரையும் குறை கூறியிருக்கமாட்டோம். அவ்வாறு எத்தனை பேரை நாம் விதியின்மேல் பழிபோட்டு அனுப்பிவிட்டோமோ என்பதே என் மனத்தை உறுத்துவது. இனி ஒருவரையேனும் அவ்வாறு அனுப்பாதிருப்போமாக.